கேஷுக்கும் காசுக்கும் என்ன உறவு?

வங்கியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டு எண்ணுபவருக்கு இரண்டு பெயர்ப்பலகைகள் உண்டு. ஆங்கிலத்தில் கேஷியர், தமிழில் காசாளர். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர் இரண்டையும் மாறிமாறிப் படித்தால் ஒரு சந்தேகம் எழும்: கேஷ் என்பது நம்முடைய காசுதானோ? பலருக்கு இது சந்தேகமாக நிற்காமல் நம்பிக்கையாகவே முற்றிவிட்டது. வெள்ளைக்காரன் வாயில் காசு நுழையவில்லை, கேஷ் என்றான் என்று மேடையில் ஒருவர் சொன்னால் கைதட்டல் நிச்சயம். வாட்ஸ்அப்பில் போட்டால் சாயங்காலத்துக்குள் ஊர் சுற்றி வந்துவிடும்.

அதில் பாதிதான் உண்மை. ஆனால் அந்தப் பாதி, மேடையில் சொல்லப்படும் கதையைவிடச் சுவாரசியமானது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி கேஷ் என்னும் பெயர்ச்சொல்லை ஒன்றாகப் பதிவு செய்யவில்லை. ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள், வேறு வேறு பிறப்போடு, அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று நாம் தினமும் சொல்கிற கேஷ், அதாவது ரொக்கம். மற்றொன்று ஆசியாவின் சில்லறை நாணயங்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். முதலாவதற்கும் தமிழுக்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது முழுக்க நம்முடையது. இவை போதாதென்று, வேலையிலிருந்து துரத்துவதைக் குறிக்கும் மூன்றாவது சொல் ஒன்று கேஷியர் என்ற வேஷத்தில் அதே பக்கத்தில் ஒளிந்திருக்கிறது.

முதல் கேஷின் பூர்வீகம் ஒரு பெட்டி. லத்தீனில் கேப்ஸா என்றால் பெட்டி. ரோமானியர்கள் சுருட்டிய சுவடிகளை உருளை வடிவப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகும்போது அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த அடிமைக்குக் கேப்ஸாரியஸ் என்றே பெயர். இந்தக் கேப்ஸாவின் வாரிசுகள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. மருந்துக்கடையில் வாங்கும் கேப்ஸ்யூல், சூட்கேஸில் இருக்கும் கேஸ், 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய பாட்டுக் கேசட் எல்லாம் இந்த ஒரே பெட்டியின் பேரப்பிள்ளைகள். (நீதிமன்றத்தில் நடக்கும் கேஸ் இந்தக் குடும்பம் இல்லை, அது வேறொரு லத்தீன் வேரிலிருந்து வந்தது.)

கேப்ஸா இத்தாலியில் காஸ்ஸா ஆயிற்று, பிரான்சில் கெஸ், போர்ச்சுகலில் கைஷா. வெனிஸ் நகர வியாபாரிகள் பணம் போட்டுவைக்கும் பெட்டியைக் காஸ்ஸா என்றார்கள். அந்தப் பெட்டிக்கான கணக்கையும் காஸ்ஸா என்றே பேரேட்டில் எழுதினார்கள். அவர்களுடைய இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை லூக்கா பச்சோலி 1494இல் வெனிஸில் புத்தகமாக அச்சிட்டார். ஐரோப்பிய வியாபாரிகள் அந்த முறையைக் கற்றபோது பெட்டியின் பெயரையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள். 1598இல் ஜான் ஃப்ளோரியோ லண்டனில் இத்தாலி–ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். அதில் காஸ்ஸா என்ற சொல்லுக்குப் பெட்டி என்று பொருள் சொல்லிவிட்டு, வியாபாரியின் கேஷ் என்றும் விளக்கம் தருகிறார். ஆக, அன்றைய கேஷ் நோட்டோ நாணயமோ அல்ல, அவை கிடந்த பெட்டி.

பெட்டியின் பெயர் பணத்துக்கு எப்படி வந்தது என்று வியக்க வேண்டியதில்லை. மளிகைக் கடையில் முதலாளி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது கல்லாப்பெட்டி. 'கல்லாவுல எவ்வளவு இருக்கு?' என்று கேட்டால் பெட்டியைக் கேட்பதாகப் பொருள். 'படம் நல்லா கல்லா கட்டுச்சு' என்றால் பெட்டியை யாரும் நினைப்பதில்லை, வசூலைத்தான் நினைப்பார்கள். ஆங்கிலத்தில் நடந்ததும் இதுவே. பெட்டி, பணம் என்ற இரண்டு பொருளும் கொஞ்ச காலம் சேர்ந்து வாழ்ந்தன. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் பிஸ்டல் என்ற வாய்வீச்சுக்காரன், தான் தரவேண்டிய பாக்கியைக் கேஷாகவே கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுக்கிறான். அங்கே பொருள் பணமாக மாறிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கேஷிலிருந்து பெட்டி அடியோடு காணாமல் போயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் விடவில்லை. அவர்களுக்கு இன்றும் கெஸ் என்றால் மரப்பெட்டியும் உண்டு, கடையில் பில் போடும் இடமும் உண்டு.

அந்தப் பழைய பெட்டி இன்னும் உயிரோடிருக்கும் இடம் ஒன்று உண்டு: வணிகவியல் வகுப்பு. பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பதிவியல் எடுத்த மாணவர்களைக் குழப்பும் விதி, உள்வருவதைப் பற்று வை, வெளிச்செல்வதை வரவு வை என்பது. பணம் வந்தால் வரவுதானே, அதை ஏன் பற்று என்று எழுதச் சொல்கிறார்கள்? ரொக்கக் கணக்கை ஒரு பெட்டியாக, அதுவும் ஓர் ஆளைப் போலப் பதில் சொல்லவேண்டிய பெட்டியாக நினைத்துப் பார்த்தால் முடிச்சு அவிழும். நூறு ரூபாயைப் பெட்டி பெற்றுக்கொண்டது, ஆகவே நூறு ரூபாய்க்குப் பெட்டி கடன்பட்டிருக்கிறது. அதன் பெயரில் பற்று. பெட்டி திருப்பிக் கொடுத்தால் அதன் பெயரில் வரவு. வெனிஸ் வியாபாரியின் காஸ்ஸாவை மனத்தில் வைத்துக்கொண்டு நடத்தினால் இந்தப் பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலான வகுப்புகளில் விதியை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இனி இரண்டாவது கேஷ்.

ஃப்ளோரியோவின் அகராதி வந்த அதே 1598இல், அதே லண்டனில் இன்னொரு புத்தகமும் வந்தது. கோவாவில் போர்ச்சுகீசியப் பேராயரிடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய யான் ஹியூகன் வான் லின்ஷோட்டன் என்ற டச்சுக்காரரின் பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. ஜாவா தீவுப் பக்கத்தில் புழங்கிய செப்புக் காசைப் பற்றி அதில் சொல்கிறார்: பெயர் கைஷா, ஹாலந்து நாட்டு டொய்ட் நாணயம் அளவு இருக்கும், ஆனால் பாதிக் கனம்கூட இல்லை, நடுவில் ஓட்டை, இருநூறு அல்லது ஆயிரம் காசாகக் கயிற்றில் கோத்து வைப்பார்கள். பெட்டிக் கேஷும் ஓட்டைக் காசும் ஒரே ஆண்டில் ஒரே ஊரில் அச்சேறின. ஒன்று இத்தாலி வழியாக வந்தது, மற்றொன்று இந்தியப் பெருங்கடல் வழியாக.

கைஷா என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயரின் இந்தியச் சொற்களைத் தொகுத்து யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்–ஜாப்சன் அகராதி, தமிழின் காசைத்தான் கை காட்டுகிறது. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பிறகு, போர்ச்சுகீசியர்கள் தென்னிந்தியச் சந்தைகளில் முதலில் காதில் வாங்கிய சொற்களில் ஒன்று காசாகத்தான் இருந்திருக்கும். மிளகு வாங்க வந்தவனுக்குச் சில்லறையின் பெயர் தெரியாமல் எப்படி? 1510இல் அச்சான இத்தாலியப் பயணி வர்தெமாவின் நூலிலேயே பதினாறு சேர்ந்தால் ஒரு வெள்ளித் தாரம் ஆகும் காஸ் என்ற நாணயம் வந்துவிட்டது.

இங்கேதான் வேடிக்கை. போர்ச்சுகீசியருக்குக் கைஷா என்ற சொல் ஏற்கெனவே உண்டு. அவர்கள் மொழியில் அது பெட்டி. நாம் மேலே பார்த்த அதே லத்தீன் கேப்ஸாவின் பிள்ளை. புதிதாகக் கேட்ட காசுக்கு அவர்கள் கை பழகிய எழுத்துக்கூட்டலையே போட்டுவிட்டார்கள். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு சொற்கள் லிஸ்பன் எழுத்தரின் பேனாமுனையில் ஒன்றாகிவிட்டன. அந்தக் கைஷா ஆங்கிலத்துக்குப் போனபோது அங்கேயும் ஒரு கேஷ் காத்திருந்தது. மறுபடியும் அதே கலப்பு. காசும் கேஷும் இவ்வளவு ஒத்து ஒலிப்பது தற்செயலா, உறவா என்று கேட்டால், பிறப்பில் தற்செயல், வளர்ப்பில் உறவு என்றுதான் சொல்லவேண்டும்.

போர்ச்சுகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். தமிழ் வணிகர்கள் பெருமளவில் வாழ்ந்த துறைமுகம் அது. அங்கிருந்து அவர்கள் கிழக்கே போகப் போக, எதிரே வந்த ஒவ்வொரு மலிவுச் செப்பு நாணயத்துக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். சீனாவின் வட்டமான, நடுவில் சதுர ஓட்டையுள்ள வெண்கலக் காசுக்கும் அதே பெயர்தான். சீனர்கள் அதை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவர்களுக்கு அது சியென், எண்ணிக்கையில் சொன்னால் வென். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சின் பேரரசு நாடு முழுவதற்கும் பொதுவாக்கிய அந்த வடிவம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஓடியது. வியட்நாமில் கடைசிப் பேரரசர் பாவ் தாய் காலத்திலும் அந்த வகைக் காசு வெளிவந்தது. பாலித் தீவில் சடங்குப் படையல்களில் இன்றும் ஓட்டைக் காசு வைக்கிறார்கள். உலகத்தின் எந்த நாணய ஏலப் பட்டியலைப் புரட்டினாலும் இவற்றின் பெயர் கேஷ். இரண்டாயிரம் ஆண்டு ஓடிய சீனத்து நாணயத்துக்கு உலக மொழியில் நிலைத்த பெயர் தமிழ்ச் சொல்.

அந்தச் சீனக் காசுகளே தமிழ்நாட்டு மண்ணிலும் கிடைத்திருக்கின்றன. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் புதையலாக எடுத்த சீனக் காசுகள் சோழர் காலத்துக் கடல் வணிகத்துக்குச் சாட்சி.

நம் ஊரில் காசு என்ற சொல் கடந்து வந்த பாதையும் மேடு பள்ளம் நிறைந்தது. சங்கப் பாடல்களில் காசு பொன்னோடு சேர்ந்தே வருகிறது. குறுந்தொகையின் 67ஆம் பாடலில், கிளி தன் அலகில் பிடித்த வேப்பம்பழத்தைப் பார்க்கும் அள்ளூர் நன்முல்லையாருக்கு, பொற்கொல்லன் நூல் கோப்பதற்காக நகத்தால் பிடித்திருக்கும் பொற்காசு நினைவுக்கு வருகிறது. நகைக்கடையில் இன்றும் கேட்டு வாங்கும் காசுமாலை அந்த வழியில் வந்ததுதான். யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடு மறக்காது: நாள், மலர், காசு, பிறப்பு. ஒவ்வொரு குறளும் இந்த நான்கில் ஒன்றில் முடிந்தாகவேண்டும் என்று இலக்கண ஆசிரியர்கள் வகுத்துவைத்தார்கள்.

சோழர் காலத்தில் காசு தங்கத்தின் மதிப்போடு நடமாடியது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடுத்த முதலும் அதன் வட்டியும் காசுக் கணக்கில் வெட்டப்பட்டிருக்கின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது எட்டில் ஒரு பங்கு, பன்னிரண்டரை சதவீதம். விளக்கெரிக்கவும் படையல் வைக்கவும் அந்த வட்டியே போதுமானதாக இருந்தது. அந்தக் காசு பிற்காலத்தில் படிப்படியாகச் சரிந்து, கம்பெனி ஆட்சி வந்தபோது செப்புச் சில்லறையின் கடைசிப் படியில் வந்து நின்றது. சல்லிக்காசு, செல்லாக்காசு, கால்காசுக்குப் பெறாதவன் என்று நாம் திட்டுவதெல்லாம் இந்தச் சரிவின் மிச்சங்கள். சொல்லின் மூலம் எது என்பதிலும் வழக்கு ஓயவில்லை. வடமொழியில் கர்ஷம் என்ற எடையளவு உண்டு, அதிலிருந்து வந்தது என்று ஒரு சாரார். திராவிட வேர் என்று ஒரு சாரார். எதுவானாலும் போர்ச்சுகீசியர் காதில் விழுந்தது தென்னாட்டுக் காசுதான்.

சோழமண்டலக் கரையில் கடைவிரித்த ஐரோப்பியர் எல்லாரும் காசு அடித்தார்கள், அந்தப் பெயரிலேயே. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் தங்கள் அரசரின் பெயரெழுத்துகளைப் பின்னிப் பொறித்து வெளியிட்ட செப்புக்குக் காஸ் என்று பெயர். 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அது நடந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் செப்பு நாணயத்தில் ஒரு பக்கம் அவர்களுடைய அல்லிப்பூச் சின்னம், மறுபக்கம் தமிழில் புதுச்சேரி. சென்னையில் கணக்கு இப்படி: எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. காய்கறி வாங்கப் போனவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று யோசித்தால் தலை சுற்றும்.

சில்லறைத் தட்டுப்பாட்டைத் தீர்க்கக் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டன் நடத்திய சோஹோ நாணயச்சாலையை நாடியது. நீராவி இயந்திரத்தால் நாணயம் அடிப்பதில் அன்று உலகத்துக்கே முன்னோடி அது. 1808இல் அங்கே அடித்த இருபது காசு நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிப்பிடிக்கும் கம்பெனிச் சின்னம், கீழே ஆண்டு. புரட்டினால் பாரசீக எழுத்தில் ஒரு வாசகம்: பீஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த். இருபது காசு நான்கு ஃபுலூஸ் என்று அர்த்தம். அதன் அடியில் ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ். சென்னைக் கடைத்தெருவுக்காக இங்கிலாந்தில் அடித்த நாணயத்தில் தமிழ்ச் சொல் இருமுறை வருகிறது, இருமுறையும் அயல் எழுத்தில். தமிழ் எழுத்துக்கு மட்டும் இடமில்லை.

அந்த நாணயங்களைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் புறப்பட்டது. 1809 ஜனவரியில், இங்கிலாந்தின் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே, கென்ட் கடலோரத்தில் குட்வின் மணல்திட்டில் புயல் அதை மோதி உடைத்தது. சுமார் ஐம்பது டன் செப்புக்காசு கடலுக்குள் போயிற்று. 1980களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் அள்ளியெடுத்தார்கள். சென்னைக்கு வரவேண்டிய பத்துக் காசும் இருபது காசும் இன்று உலகம் முழுவதும் நாணயக்காரர்களின் கடைகளில் கப்பற்சேதக் காசு என்ற முத்திரையோடு விலைபோகின்றன. அச்சடித்த மதிப்பில் ஒருநாள்கூடச் செலவாகாத காசுக்கு இப்போது நல்ல கிராக்கி.

ரூபாய் வந்தபிறகும் காசு எல்லா இடத்திலும் ஒழிந்துவிடவில்லை. திருவிதாங்கூரில் பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்ற கணக்கு 1949 வரை ஓடியது. நாகர்கோவிலும் அப்போது திருவிதாங்கூர்தான். புதுக்கோட்டையில் தொண்டைமான் அரசு அடித்தது அம்மன் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் உட்கார்ந்த கோலம், மறுபக்கம் விஜய என்று தெலுங்கு எழுத்து. இருபது காசு ஓர் அணா. நவராத்திரியில் அரண்மனை வாசலில் அரிசியோடு இந்தக் காசையும் சேர்த்துத் தானமாகக் கொடுப்பது வழக்கம். பிரகதாம்பாளுக்கு அரைக்காசு அம்மன் என்ற பெயர் வந்ததும் காசில் அவள் உருவம் பதிந்ததால்தான். வீட்டில் சாவியோ மோதிரமோ தொலைந்தால் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைத்து வேண்டிக்கொள்ளும் பாட்டிமார்களில் பலருக்கு அந்தப் பெயர் ஒரு நாணயத்திலிருந்து வந்தது என்பது தெரியாது. சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு சேர்ந்தது. காசு போய்விட்டது, அம்மன் பெயர் நிற்கிறது.

காசைக் கொடுத்ததற்கு ஈடாக நாமும் ஒன்றை வாங்கிக்கொண்டோம். லின்ஷோட்டன் ஓட்டைக் காசுக்கு ஒப்பிட்ட டொய்ட் என்ற டச்சுச் செப்புச் சில்லறை நம் கடற்கரைக்கு வந்து துட்டு ஆகிவிட்டது. துட்டுக்குச் சுத்தமான தமிழ் முகம் வந்துவிட்டதால் யாரும் அதன் பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்தில் கடைக்காரர் இன்றும் காசு என்றே கேட்கிறார். சென்னையில் அது பணம், துட்டு, சில்லறை என்று ஆளுக்கேற்பப் பெயர் மாறுகிறது.

மூன்றாவது சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ஒரு ராணுவ அதிகாரியைக் கேஷியர் செய்தார்கள் என்றால் அவரைப் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள் என்று பொருள் அல்ல. அவமானப்படுத்தி வேலையிலிருந்து விரட்டினார்கள் என்று பொருள். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு நாட்டுப் போர்களுக்குப் போன ஆங்கிலச் சிப்பாய்கள் அங்கிருந்து கொண்டுவந்த சொல் அது. உடைத்தல், செல்லாததாக்குதல் என்னும் பொருளுள்ள வேறு லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நம்மூரில் அவன் சீட்டு கிழிந்தது என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். ஒத்தெல்லோ நாடகத்தில் வேலை இழக்கும் அதிகாரியின் பெயர் காஸியோ. காஸியோ கேஷியர் ஆனான் என்று வில்லன் இயாகோவைச் சொல்லவைக்கும் ஒலி விளையாட்டை ஷேக்ஸ்பியர் விட்டுவிடுவாரா? பிரிட்டிஷ் ராணுவத்தில் 1871 வரை அதிகாரிப் பதவிகளை விலை கொடுத்து வாங்கும் முறை இருந்தது. கேஷியர் செய்யப்பட்டவருக்குப் பதவிக்குப் போட்ட முதலும் திரும்பாது. மானமும் போய்க் கேஷும் போனது.

இந்தச் சத்தத்தில் சேராத ஆட்களும் சேர்ந்துகொள்கிறார்கள். முந்திரிக்கு ஆங்கிலத்தில் உள்ள கேஷ்யூ என்ற பெயர், காசுக்கு எட்டுக் கொட்டை விற்றதால் வந்தது என்று ஒரு கதை தென்னாட்டில் உலவுகிறது. சுவையான கதைதான், உண்மையில்லை. பிரேசிலின் டூபி மக்களிடம் அந்த மரத்தின் பெயர் அகஜு. போர்ச்சுகீசியர் வாயில் அது கஜு ஆகி, மரத்தோடு சேர்ந்து இந்தியா வந்தது. கேஷ்மியர் சால்வையில் இருப்பது காஷ்மீர்.

அப்படியானால் வங்கிப் பலகையில் உள்ள காசாளர்? அது கேஷியருக்கு அப்பன் அல்ல, பிறகு பிறந்த ஜோடி. கேஷியர் என்பது கெஸ் என்ற பணப்பெட்டியைக் காப்பவனுக்குப் பிரெஞ்சிலும் டச்சிலும் வழங்கிய பெயரிலிருந்து வந்தது. அதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டியிருந்தபோது காசு என்ற பழைய சொல்லோடு ஆளர் என்ற விகுதியைச் சேர்த்தார்கள். பொருளும் பொருந்தியது, ஒலியும் பொருந்தியது. செக்குக்குக் காசோலை என்று பெயர் வைத்த அதே கைத்திறன்தான். மொழிபெயர்ப்புச் சொற்களில் இவ்வளவு கச்சிதமாக அமைந்தவை குறைவு. அதை அனுபவிப்பதை விட்டுவிட்டு, ஆங்கிலேயன் நம்மிடமிருந்து திருடிவிட்டான் என்று வழக்குப் போடுவது வீண்வேலை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரசி எலிசபெத் பட்டயம் கொடுத்ததே 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான். ஃப்ளோரியோ அதற்கு முன்பே தன் அகராதியில் கேஷ் என்று எழுதிவிட்டார், அதுவும் பெட்டி என்ற பொருளில்.

பெட்டியிலிருந்து பணமாக மாறிய கேஷ் அதற்குப் பிறகும் ஓரிடத்தில் நிற்கவில்லை. வெகுகாலம் அதன் எதிர்ப்பதம் கடன். கையில் காசு, வாயில் தோசை என்று நம் ஓட்டல்காரர்கள் சொன்னதும் அந்த அர்த்தத்தில்தான். 1967 ஜூன் 27 அன்று லண்டனை ஒட்டிய என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி பணம் தரும் இயந்திரம் ஒன்றைத் திறந்தது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட் பேரன் பிறந்தது நம் ஷில்லாங்கில். ஆங்கிலேயர் அதைக் கேஷ் மெஷின் என்கிறார்கள். அட்டையும் கைபேசியும் வந்தபிறகு எதிர்ப்பதம் மாறிவிட்டது. இப்போது கேஷ் என்றால் கடன் இல்லாதது என்று பொருளில்லை. தாளும் உலோகமுமாகக் கையால் தொடக்கூடிய பணம். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த மறுநாள் காலை, கேஷ் இருக்கா என்ற கேள்விக்குப் புது அர்த்தமே வந்துவிட்டது. இப்போது கைபேசிச் செயலிகள் தருவதாகச் சொல்லும் கேஷ்பேக்கில் கேஷும் கிடையாது, பல நேரம் திரும்பி வருவதும் கிடையாது.

கடைசியாக ஒரு விஷயம். வீட்டுப் பரணிலோ பாட்டியின் சுருக்குப்பையிலோ அம்மன் காசு, திருவிதாங்கூர்ச் சங்குக் காசு, கம்பெனிக் காசு என்று ஏதாவது அகப்பட்டால் பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே படிந்திருக்கும் பச்சையும் கருப்பும் போனால் எழுத்தும் சேர்ந்து தேயும், காசின் மதிப்பும் போய்விடும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் புதுக்கோட்டை அருங்காட்சியகத்திலும் நாணயப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே எடுத்துப்போய்க் காட்டினால் என்ன காசு, எந்தக் காலம் என்று தெரிந்துகொள்ளலாம். மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்றால் சட்டம் வேறு: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்கவேண்டும்.